பண்டைக்கால நாவல் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ் வாசகர்களிடம் பண்டைக்காலத்தில் நடக்கிற நாவல் ஒன்று சொல்லுங்கள் என்றால், பேச்சு நேராகச் சோழரிடம்தான் போகும். 'பொன்னியின் செல்வன்' நடப்பது 10ஆம் நூற்றாண்டில். சங்க காலம் அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தையது. வாங்கும் முன் கதை எந்தக் காலம் என்று பார்த்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, அரசன் பெயரை வைத்துத் தேடுவது. படையெடுப்பு, மாறுவேடம், சுரங்கப்பாதை எல்லாம் கிடைக்கும்; மனதில் நிற்கிற மனிதர் கிடைப்பது அபூர்வம். பாடிப் பிழைக்கும் பாணர், ஆடும் விறலி, உப்பு விற்கும் உமணர் என்று தேடிப் பாருங்கள். புறநானூறு 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டைக் காட்டுகிறார். சமைத்து வெகு நாளானதால் அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பால் வற்றிய முலையைச் சுவைத்துச் சுவைத்துப் பிள்ளை அழுகிறது. மனைவி பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள்; கண்ணில் நீர் நிறைந்த அவளை இவர் பார்க்கிறார்; வள்ளல் குமணனை நாடிக் கிளம்பிவிடுகிறார். ஒரு மனிதன் ஏன் வீட்டைவிட்டு நடந்தான் என்பது சில வரிகளில் தெரிந்துவிடுகிறது. நாவலிலும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம், மலையாளத்தில் எழுதியது நமக்கெதற்கு என்று ஒதுக்குவது. எல்லையில் வாழ்கிற நாமே இதைச் செய்யலாமா? மனோஜ் குரூரின் 'நிலம் பூத்து மலர்ந்த நாள்' சங்க காலப் பாணர் குடும்பத்தின் கதை, கே.வி.ஜெயஸ்ரீ தமிழாக்கியிருக்கிறார். தந்தை கொலும்பன், மகள் சித்திரை, வீட்டைவிட்டுப் போன மகன் மயிலன் மூவரும் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்கிறார்கள். சேரர் தலைநகரான வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்று சண்டை போடுகிற நேரத்தில் இதை வாசித்துவிடலாம். சரித்திர நாவல் அடுக்கில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பு அடுக்கில் பாருங்கள்.

புராணம் என்று தள்ளிவிடுவதும் நஷ்டம்தான். எம்.டி. வாசுதேவன் நாயரின் 'இரண்டாம் இடம்' பீமனையும், கன்னட எழுத்தாளர் பைரப்பாவின் 'பருவம்' மகாபாரத மாந்தர் பலரையும் தெய்வத்தன்மை நீக்கி மனிதர்களாகவே காட்டுகின்றன.

விவரக் குவியலைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். யவனர் எனப்பட்ட கிரேக்க, ரோமானியரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149 சொல்கிறது. அதை அப்படியே எடுத்து ஒரு பக்கம் எழுதிவிடலாம். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனுக்கு அன்று என்ன கவலை என்று எழுதுவதுதான் கடினம். அதே சமயம், சங்க காலத்து வீட்டில் மிளகாய் அரைத்தால் புத்தகத்தை மூடிவிடலாம். மிளகாய் இங்கே வந்தது போர்த்துக்கீசியர் வந்த பிறகு.

வாங்கும்போது பின்னட்டையை நம்பாதீர்கள். நடுவில் பிரித்து நாலு பக்கம் படியுங்கள். பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் சரித்திரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.