கொழுந்துக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள்

தேயிலைத் தோட்டத்தில் மரண வீடுகளுக்கு உதவும் மரணாதார சங்கத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ நாளை பொருளாளராக நிற்கக்கூடிய பிள்ளையிடம், இன்றே ஒரு கொப்பியைக் கொடுத்து, அம்மா பறித்த கொழுந்தின் நிறையை நாள்தோறும் மாலையில் கேட்டு எழுதச் சொல்லுங்கள். திகதியும் கிலோவும் இருந்தால் போதும். அழகான கையெழுத்தெல்லாம் பிறகு வரட்டும். சம்பளத் துண்டு கைக்கு வந்ததும், பேர் விழுந்த, அதாவது வேலை நாளாகப் பதிவான நாட்களைக் கொப்பியோடு ஒப்பிட்டு, ஊழியர் சேமலாப நிதிக்கான 8 வீதம் சரியாகக் கழிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பிள்ளையே கணக்கிட்டுப் பார்க்கட்டும். நிர்வாகம் செலுத்த வேண்டிய 12 வீதம் இதற்கு மேலதிகமானது; அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஒருநாள் எழுத மறந்தால் நீங்கள் நிரப்பிவிடாதீர்கள். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது காரணத்தைப் பிள்ளையே தேடட்டும். இது ஒழுங்காக நடந்தால், அடுத்ததாகக் கடைக் கடன் கொப்பியையும் ஒப்படைக்கலாம்.