ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறீர்களா?

ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்குவது குவில்ட் தைப்பவர்களின் கூடப்பிறந்த குணம். அதில் தப்பில்லை, எங்கே விட்டோம் என்பதை மறப்பதுதான் தொல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா வையுங்கள். தையலை விட்டு எழும் முன் அடுத்த வேலை, ஊசி எண், நூல் நிறம், தையல் விளிம்பின் (துணி ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவே விடும் இடம்) அளவு எல்லாவற்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். நான் ஒருமுறை எழுதாமல் விட்டு, பாதிக் கட்டங்களைக் கால் அங்குல விளிம்பிலும் மீதியை அதைவிடச் சற்று அகலமாகவும் தைத்துவிட்டேன். பிரித்ததுதான் மிச்சம்!

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று. துண்டுகளை நூல் அறுக்காமல் வரிசையாகத் தைத்து முடிக்கும்போது, கடைசியாக இன்னொரு குவில்டின் இரண்டு சதுரங்களை ஜோடி சேர்த்து மிஷினில் விடுங்கள். அந்த ஜோடி ஊசிக்கு அடியிலேயே இருக்கட்டும். பின்னால் உள்ள வரிசையை மட்டும் கத்தரித்து எடுங்கள். அடுத்த வரிசை அதன் தொடர்ச்சியாகவே ஓடும். நூல் வீணாகாது, தொடங்கும்போது துணி முனை மிஷினில் ஊசி இறங்கும் துளைக்குள் சிக்காது, இரண்டாவது குவில்டும் சத்தமில்லாமல் வளரும்.

ஒரு குவில்டாவது கைத்தையலில் இருந்தால் நல்லது. மிஷின் பக்கம் போகவே பிடிக்காத நாளுக்கு ஆகும்.