"ஐயாவுக்கு வயசாயிருச்சு, அதான் பிரீமியம் ஏறிருச்சு": பழைய கார் இன்சூரன்ஸ் தாளை வரிவரியாகப் படிப்பது எப்படி?

எங்கள் அப்பாவுக்கு 74 வயது. அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1970 மாடல். கோவையில் வாரம் ஒருநாள் கோயிலுக்கும், மாதம் ஒருமுறை பெட்ரோல் பங்குக்கும் போய்வரும் கார் அது. போன பாலிசிக்கு 8,637 ரூபாய் கட்டினோம். இந்த முறை ஏஜென்ட் அனுப்பிய தாளில் 14,420.

போனில் கேட்டேன். "அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சுங்ளே, வண்டியும் பழசு, அதான் ஏத்தீட்டாங்க" என்றார். அப்பா உடனே, "காரை உம் பேருக்கு மாத்தீரு கண்ணு" என்று சொல்லிவிட்டார். அன்றிரவு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: அப்பாவின் வயதுக்கும் அந்த 5,783 ரூபாய்க்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை. அன்று நான் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். உங்கள் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், பிரித்துப் பாருங்கள்

எந்தக் கம்பெனி தாளாக இருந்தாலும் அடிப்படையில் நான்கு வரிகள்தான். நம் காருக்கு அடிபட்டால் கிடைப்பதற்கான ஓன் டேமேஜ். நம் காரால் அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் அதற்கான தேர்ட் பார்ட்டி. ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு. இவை மூன்றையும் கூட்டி, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

எங்கள் தாளில் முறையே 9,801, 2,094, 325 என்று இருந்தது. கூட்டினால் 12,220. ஜி.எஸ்.டி.யோடு 14,420. பழைய தாளைப் பக்கத்தில் வைத்தேன். தேர்ட் பார்ட்டி அதே 2,094, விபத்துக் காப்பீடு அதே 325. ஓன் டேமேஜ் மட்டும் 4,900 ஆக இருந்தது, இப்போது இரட்டிப்பு. எந்த வரி ஏறியது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 2: தேர்ட் பார்ட்டி வரியில் யாரும் விளையாட முடியாது

இந்தக் கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் 1 முதல் தனியார் காருக்கு 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. நடுவில் உள்ள பிரிவு 2018-19ல் 2,863 ஆகவும், அடுத்த ஆண்டு 3,221 ஆகவும் இருந்தது. ஏறியது உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் ஏறியது. 25 வயதுக்காரர் ஓட்டினாலும் 75 வயதுக்காரர் ஓட்டினாலும் இதே தொகைதான்.

இங்கே பார்க்க வேண்டியது சி.சி. மட்டும். ஹெரால்டு 948 சி.சி., ஆகவே முதல் பிரிவு. பிரீமியர் பத்மினி 1089, இரண்டாவது பிரிவு. அம்பாசடரில்தான் கவனம் வேண்டும். 1489 சி.சி. இன்ஜின் என்றால் 3,416, இசுசு 1800 இன்ஜின் என்றால் 1817 சி.சி., நேராக 7,897க்குப் போய்விடும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே வண்டிதான். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் பாலிசியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். இன்ஜின் மாற்றிய வண்டியாக இருந்தால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

படி 3: ஐ.டி.வி., அதாவது உங்கள் காருக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள்

கார் திருடுபோனாலோ, மீட்க முடியாதபடி நொறுங்கினாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை இது. ஐந்து வருடம் வரை உள்ள காருக்குத் தேய்மான அட்டவணை உண்டு. அதைத் தாண்டிய காருக்கு அட்டவணை கிடையாது. கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு இது தெரியாது.

முன்பு ஒரு வருடம் எங்கள் ஹெரால்டுக்கு 40,000 ரூபாய் ஐ.டி.வி. போட்டிருந்தார்கள். பிரீமியம் குறைவாக இருந்ததால் சந்தோஷமாகக் கட்டினோம். அந்த வருடம் கார் தீப்பிடித்திருந்தால் பெயின்ட் அடித்த செலவுகூடத் திரும்பியிருக்காது. பிறகு உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை வைத்து மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, வேலை செய்த பில்கள், நாலு பக்கப் படங்கள் எல்லாம் கொடுத்து 3 லட்சத்துக்கு ஒத்துக்கொள்ள வைத்தோம்.

இதற்கும் பிரீமியத்துக்கும் கணக்கு நேரடியானது. கோவை போன்ற ஊர்களில், பத்து வருடத்துக்கு மேற்பட்ட, 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்குப் பழைய கட்டண அட்டவணை விகிதம் 3.267 சதவீதம். சென்னைக்குக் கொஞ்சம் கூடுதல். 2007லிருந்து கம்பெனிகள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்றாலும், பல இடங்களில் இன்னும் அந்த அட்டவணையிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். 40,000க்கு 1,307 ரூபாய். 3 லட்சத்துக்கு 9,801. ஏறினால் ஏறட்டும் என்று நான் விட்டுவிட்ட ஒரே வரி இதுதான்.

படி 4: என்.சி.பி., அதாவது நோ கிளெய்ம் போனஸ், எங்கள் பணம் போன இடம்

கிளெய்ம் எதுவும் வாங்காத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜ் தொகையில் தள்ளுபடி உண்டு: 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம். அப்பா பல வருடமாக 50ல் இருந்தார். 9,801ல் பாதி 4,900. போன தாளின் கணக்கு அதுதான். புதுத் தாளில் அந்த இடத்தில் பூஜ்யம்.

காரணம் எளிது. பாலிசி சித்திரையில் முடிந்தது. அந்த நேரத்தில் அப்பாவுக்கு ஒரு கண்ணில் காட்ராக்ட் ஆபரேஷன், இரண்டு மாதம் கழித்து அடுத்த கண்ணில். கார் ஷெட்டில் துணி போர்த்திக் கிடந்தது. "ஓடாத வண்டிக்கு எதுக்கு இன்சூரன்ஸ்" என்று நானே சொன்னேன். ஆவணியில்தான் புதுப்பிக்கப் போனோம். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் என்.சி.பி. மொத்தமும் போய்விடும். வயதான டிரைவர்கள், பழைய கார்கள் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. ஆஸ்பத்திரி, மழைக்காலம், பேத்தியைப் பார்க்க வெளிநாட்டுப் பயணம் என்று கார் நிற்க ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருக்கும்.

திரும்ப 50 சதவீதத்துக்கு ஏற, கிளெய்ம் இல்லாத ஐந்து வருடங்கள் வேண்டும். எங்கள் காருக்கு அந்த ஐந்து புதுப்பிப்புகளில் இழப்பு முறையே 4,900, 2,940, 2,450, 1,470, 490. மொத்தம் 12,250, ஜி.எஸ்.டி. தனி.

இந்தக் கணக்கை இன்னொரு இடத்திலும் பயன்படுத்தலாம். ஹெரால்டின் பானெட் முன்பக்கம் முழுவதுமாக ஒரே துண்டாகத் தூக்கும். அதற்கு அடி விழுந்து 20,000 ரூபாய்க்கு உலோக பாகம் மாற்றினால் கம்பெனி எவ்வளவு தரும்? பத்து வருடத்துக்கு மேற்பட்ட காரின் உலோக பாகங்களுக்கு 50 சதவீதத் தேய்மானம். பாக்கி 10,000ல் கட்டாயப் பிடித்தம், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000. கைக்கு 9,000. அதற்காக 12,250 ரூபாய் என்.சி.பி.யை விடுவதா? சின்னக் கிளெய்ம் போடும் முன் ஒரு பேப்பரில் இதைப் போட்டுப் பாருங்கள். தேய்மானம் பிடிக்காத "ஜீரோ டெப்" பாலிசி இவ்வளவு பழைய காருக்குக் கிடைக்காது, தேடி அலையாதீர்கள்.

படி 5: சரி, வயது எங்கேதான் வருகிறது?

பிரிட்டனில் ஓட்டுபவரின் வயதைப் பார்த்தே விலை சொல்வார்கள். அங்கே 70 வயதில் லைசென்ஸ் புதுப்பித்து, அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லண்டனில் இருக்கும் உறவினர் சொன்னதைக் கேட்டு இங்கும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே பொதுவாகக் காரின் வயது, ஊர், சி.சி., ஐ.டி.வி. இவைதான் கணக்கு. ஓன் டேமேஜில் கூடுதல் ஏற்றியிருக்கிறோம் என்று யாராவது சொன்னால், எந்த வரியில் எவ்வளவு என்று ஈமெயிலில் கேளுங்கள். நான் கேட்டேன். ஏஜென்டிடமிருந்து வந்த பதில், "என்.சி.பி. லாப்ஸ்ங்க சார்."

வயது உண்மையில் கடிக்கும் இடம் லைசென்ஸ். 55 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள், ஒவ்வொரு முறையும் படிவம் 1ஏ-யில் டாக்டர் சான்று வேண்டும். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். லைசென்ஸ் செல்லாத நாளில் விபத்து நடந்தால் கிளெய்ம் நிற்காது, அந்த 15 லட்ச விபத்துக் காப்பீடும் நிற்காது. அப்பாவின் தேதியைப் பார்த்தேன், இன்னும் ஏழு மாதம் இருந்தது.

அப்புறம் அந்த "உம் பேருக்கு மாத்தீரு" யோசனை. வேண்டாம். என்.சி.பி. காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. அப்பா 50ல் இருந்திருந்தாலும் உயிரோடு இருக்கும்போது என் பெயருக்கு மாற்றினால் நான் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தவிர, அப்பா பெயரில் பாலிசி இருக்கும்போதே, செல்லும் லைசென்ஸோடு அவர் அனுமதியில் நான் ஓட்டலாம். அதற்குப் பெயர் மாற்றம் தேவையில்லை.

படி 6: "வின்டேஜ்" தள்ளுபடிக்கு ஆசைப்படும் முன்

வின்டேஜாகப் பதிவு செய்த தனியார் காருக்குத் தேர்ட் பார்ட்டியில் பாதித் தள்ளுபடி உண்டு. 2021ல் வந்த விதிப்படி 50 வருடத்துக்கு மேலான, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டி தகுதி பெறும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்கு. ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

ஹெரால்டுக்கு மிச்சம் வருடம் 1,047, ஜி.எஸ்.டி.யோடு 1,235. பத்து வருடத்தில் 12,350. கட்டணமோ 20,000. போதாததற்கு, வின்டேஜ் வண்டியைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அப்பாவின் கோயில் பயணம் அதில் வராது. 1500 சி.சி.க்கு மேற்பட்ட பழைய இம்பாலா மாதிரி வண்டிக்குக் கணக்கு வேறு: வருடம் சுமார் 4,659 மிச்சம், பத்து வருடத்தில் 46,000-க்கும் மேல்.

பழைய அட்டவணையில் ஓன் டேமேஜுக்கும் 25 சதவீத வின்டேஜ் தள்ளுபடி ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே வின்டேஜ் என்றால் 1940க்குள் தயாரான கார். ஆர்.டி.ஓ. சொல்லும் வின்டேஜும் இதுவும் வேறு வேறு.

படி 7: இனி குறைக்கக்கூடியதைக் குறைப்பது

சின்னக் கிளெய்ம் போடப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டால் விருப்பப் பிடித்தம் லாபம். முதல் 7,500 ரூபாயை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தோம். பழைய அட்டவணைப்படி இதற்கு ஓன் டேமேஜில் 30 சதவீதத் தள்ளுபடி, ஆனால் உச்சவரம்பு 2,000 ரூபாய். அந்த 2,000 குறைந்தது. ஜி.எஸ்.டி.யோடு 2,360 மிச்சம், கடைசித் தொகை 12,060. ஏற்கனவே 15 லட்சத்துக்குத் தனி விபத்துப் பாலிசி இருந்தால் அந்த 325-ம் தேவையில்லை. அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கான வரம்பை 7.5 லட்சத்திலிருந்து 6,000 ஆக்கினால் 100 ரூபாய் குறையும் என்பார்கள். ஒரு புது காரின் ஹெட்லைட் விலைக்கே 6,000 போதாது. அதைத் தொடாதீர்கள்.

மூன்று கம்பெனியிலாவது விலை கேளுங்கள், எல்லோரிடமும் ஒரே ஐ.டி.வி. சொல்லிக் கேளுங்கள். கையால் எழுதிய பழைய ஆர்.சி. என்றால் ஆன்லைனில் நம்பரே வராது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி போட்டு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இடைவெளி விழுந்த பாலிசிக்கு வண்டியை நேரில் பார்த்த பிறகுதான் தருவார்கள். அன்றைக்கு பேட்டரி சார்ஜில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த தம்பியும் நானும் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம்.

இப்போது சமையலறைத் தினசரிக் காலண்டரில் பாலிசி முடியும் தேதிக்குப் பத்து நாள் முன்னால் அப்பாவே சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பக்கத்திலேயே லைசென்ஸ் தேதிக்கு இன்னொரு வட்டம்.