தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு நாமே காவல்

குஞ்சுகளோடு மேயும் ஒரு தாய்க்கோழியைச் சிறிது நேரம் கூர்ந்து கவனித்தால், குஞ்சு வளர்ப்புக்குத் தேவையான பாடம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். அது இறக்கைக்குள் அணைத்துச் சூடு தருகிறது. தரையைக் கொத்திக் காட்டி, அதற்கென்றே உள்ள குரலில் அழைத்து, எது தீனி என்று சொல்லித் தருகிறது. வானில் பருந்து தெரிந்தால் ஒரு குரலும், தரையில் நாயோ பூனையோ நெருங்கினால் வேறொரு குரலும் கொடுத்துக் குஞ்சுகளை எச்சரிக்கிறது. ஒருநாள் வயதுக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து வாங்கி வளர்ப்பவர் இந்த மூன்று வேலைகளையும் தாமே ஏற்றுக்கொள்கிறார். சூடும் தீனியும் கொடுப்பதைப் பலர் நன்றாகவே செய்துவிடுகிறார்கள். காவலில் கோட்டை விட்டு, முட்டையிடும் பருவத்தை எட்டிய கோழிகளை ஒரே இரவில் பறிகொடுக்கிறார்கள்.

முதலில் சூட்டைப் பார்ப்போம். குஞ்சுகள் வருவதற்கு முதல்நாளே, காய்ந்த உமியையோ மரத்தூளையோ இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, அதைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்தில் அட்டையாலோ தகட்டாலோ வட்டமாகத் தடுப்பு அமைத்து, நடுவில் விளக்கைத் தொங்கவிட வேண்டும். வெறும் செய்தித்தாளை விரித்தால் கால் வழுக்கி, சில குஞ்சுகளுக்குக் கால்கள் இரு பக்கமும் விரிந்துபோகும். தடுப்பு வட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். ஆனால் குளிரில் நடுங்கும் குஞ்சுகள் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடைந்தால், அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஆகையால் தடுப்பில் மூலையே இருக்கக் கூடாது.

முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வரலாம். வெப்பமானி வைத்திருப்பது நல்லது, ஆனாலும் குஞ்சுகளே அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். விளக்கின் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு விடாமல் கீச்சிட்டால் சூடு போதவில்லை. ஓரங்களுக்கு ஒதுங்கி, இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்காற்று வீசுகிறது. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் அமைதியாக இருந்தால் எல்லாம் சரி. ஒரு விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். நள்ளிரவில் அது எரியாமல் போனால் விடியும்போது பாதிக் குஞ்சுகள் மிஞ்சாது. உமியும் மரத்தூளும் எளிதில் தீப்பிடிப்பவை என்பதால், விளக்கை மின்கம்பியில் தொங்கவிடாமல் சங்கிலியில் உறுதியாகக் கட்ட வேண்டும்.

குஞ்சு வந்து சேர்ந்ததும் தீவனத்துக்கு முன்பே தண்ணீர் காட்ட வேண்டும். ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து, அலகு நுனியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை தொடவைத்தால், அது தலையை அண்ணாந்து விழுங்கும். அந்த ஒரு மிடறிலேயே குடிக்கக் கற்றுக்கொள்ளும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக, கூழாங்கற்கள் போட்டதாக இருக்கட்டும், இல்லையேல் முழுகிச் சாகும். ஏறத்தாழ 20 சதவீதம் புரதம் உள்ள குஞ்சுத் தீவனமே போதும். முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள மிகையான சுண்ணாம்புச்சத்து குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆசனவாயில் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தெடுக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே தொடங்குவது வழக்கம். அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்க. ஈரக் கூளத்தில்தான் இரத்தக்கழிச்சல் பெருகும் என்பதால், தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும்.

ஆறு வாரத்தில் இறகு முழுதும் முளைத்ததும் குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு மாற்றலாம். காவல் என்ற வேலை இங்கேதான் தொடங்குகிறது.

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பரணில் அமர்ந்துவிட்டால், பக்கத்திலிருப்பதைக் கடித்துக் கொன்றாலும் தப்பி ஓடாது. என் கூண்டுக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டிருந்தேன். கூரைத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த, என் கைமுட்டி நுழையும் அளவு இடைவெளியைக் காற்றுக்கு நல்லது என்று விட்டிருந்தேன். அந்த வழியாக இறங்கிய மரநாய் ஒரே இரவில் ஏழு கோழிகளைக் கொன்றது, ஒன்றைத்தான் தின்றிருந்தது. அன்றுமுதல் கூண்டை நான் சோதிக்கும் முறை இதுதான்: நன்றாக இருட்டிய பிறகு கூண்டுக்குள் விளக்கை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே குனிந்தும் நிமிர்ந்தும் ஒருமுறை சுற்றிவர வேண்டும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பகைவனுக்கு வழி. காற்றோட்டம் கட்டாயம் தேவை என்பதால் அவற்றை அடைத்துவிடாமல் வலை அடிக்க வேண்டும்.

எந்த வலை என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்துவதற்கு உதவுமே தவிர, நாயைத் தடுக்காது; கீரிக்குட்டியும் எலியும் அதன் கண்ணிலேயே நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த தடித்த கம்பிவலைதான் காவலுக்கு உகந்தது. அதையும் ஆணியால் மட்டும் அடிக்காமல், சட்டத்துக்கு மேல் பட்டி வைத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். தோண்டும் விலங்குகள் சுவரடியில்தான் தோண்டத் தொடங்கும். ஆகவே வலையை ஓரடி ஆழம் புதைக்கலாம், அல்லது சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையோடு விரித்துக் கல் அடுக்கிவிடலாம். தோண்ட வரும் நரியோ நாயோ வலைமேல் நின்று கொண்டே தோண்டப் பார்த்து, கம்பி தட்டியதும் விட்டுவிடும்.

பகலில் பகை மேலிருந்து வரும். பருந்தும் காகமும் கூர்ந்து பார்ப்பது திறந்த வெளியைத்தான். ஆகவே சிறு குஞ்சுகள் மேயும் இடத்துக்கு மேலே வலை கட்டுவதும், வளர்ந்த கோழிகள் ஓடி ஒளியப் புதர்களை விட்டுவைப்பதும் பயன் தரும். பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் குஞ்சுகளை மூடிவைத்தால் அதன்மேல் கல் ஏற்றுவதை மறக்கக் கூடாது, நாய் மூக்கால் நெம்பிவிடும்.

பாம்பைப் பெரும்பாலும் அழைத்துவருவது எலி. எலியை அழைப்பது சிந்திய தீவனம். மாலையில் தீவனத் தட்டை எடுத்து, மூட்டையை மூடியுள்ள தகர டப்பாவில் வைப்பது பாம்புக்கும் சேர்த்துச் செய்யும் காவல்.

இத்தனைக்குப் பிறகும் இழப்பு நேர்ந்தால் தடயத்தைப் பாருங்கள். கோழியே காணாமல் போய் இறகு மட்டும் சிதறிக் கிடந்தால் நரி, நாய் அல்லது பருந்தாக இருக்கலாம். தலையும் கழுத்தும் கடிபட்டுப் பல கோழிகள் கிடந்தால் கீரி அல்லது மரநாய். ஓடும் இல்லாமல் முட்டை மறைந்தால் பாம்பு என்று சந்தேகிக்கலாம். ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்கு அந்த விலங்கு மறுநாளும் வரும். ஆகவே ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை, எஞ்சிய கோழிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து, அந்தி சாயும்போது தலைகளை எண்ணிய பின்பே கதவைத் தாழிட வேண்டும்.