ராணுவத்தில் இருந்த அப்பாவின் 1971 டிரங்குப் பெட்டி: பதக்கம், கடிதம், போட்டோ காப்பது எப்படி

புளி, விபூதி, பிராசோ (பித்தளைப் பாலிஷ்). பதக்கத்தில் இந்த மூன்றையும் போட்டுத் தேய்க்காதீர்கள். வட்டப் பதக்கத்தைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள்: ஆர்மி நம்பர், ரேங்க், பெயர் பெரும்பாலும் அங்கேதான் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க மழுங்குவது அந்த எழுத்துகள்தான். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும். ரிப்பனை நனைக்க வேண்டாம், சாயம் இறங்கும். பின்னால் இருக்கும் இரும்பு ஊசி துருப்பிடித்திருந்தால் கழற்றிவிடுங்கள்; துருக்கறை துணியை விட்டுப் போகாது.

எது எந்தப் பதக்கம்? 1971 பாகிஸ்தான் போரில் பூர்வி ஸ்டார் கிழக்கு முனைக்கு, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனைக்கு. சங்ராம் மெடல் 1971 போரையொட்டிப் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாகத் தரப்பட்டது. சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கமும் கூடவே இருக்கும். பலரும் அதைப் போர்ப் பதக்கம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

கடிதங்களில் ஊர்ப்பெயரைத் தேடாதீர்கள். பிரிவின் பெயருக்குக் கீழே 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) என்று மட்டும் இருக்கும். 99 கிழக்குப் பக்கம். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்திருப்பது பெரிய இழப்பு, ஏனென்றால் தேதியும் களத் தபால் நிலைய எண்ணும் உறையின் முத்திரையில்தான் உண்டு. மடிப்பிலேயே வைத்தால் மடிப்போடு கிழியும். விரித்து, செலோடேப் ஒட்டாமல், அமிலமில்லாத காகித உறையில் ஒவ்வொன்றாக வையுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். இரண்டு மூன்று சிலிகா ஜெல் பொட்டலம் போதும்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை (பணியிலிருந்து விடுவித்தபோது தந்த சான்று) லேமினேட் செய்யாதீர்கள். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் சரி. ஒருமுறை சூட்டில் ஒட்டினால் பிரிக்க முடியாது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அசல் கேட்பார்கள், அதனால் ஃபிரேம் போடவும் கூடாது. பென்ஷன் பிபிஓவோடு (ஓய்வூதிய ஆணை) சேர்த்து அம்மா கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். புத்தகம் தொலைந்திருந்தால், பதக்க விளிம்பில் உள்ள நம்பரைக் குறிப்பிட்டு ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். போட்டோவுக்கு 600 டிபிஐ, காகிதத்துக்கு 300, பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

குரூப் போட்டோவுக்கு மட்டும் தனி வேலை உண்டு. பெரிதாக ஒரு பிரதி எடுத்து, மேலே டிரேசிங் காகிதம் வைத்து ஒவ்வொரு தலைக்கும் எண் போடுங்கள். உங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தில் அப்பா வயதுக்காரர்களிடம் அதைக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களைப் பிரதியில் எழுதுங்கள். அசலின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் புடைத்துத் தெரியும்.