பழைய சின்ன கார்: சூடு காட்டும் முள் இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்

போன வாரம் எங்கள் சத்துவாச்சாரித் தெருவில் ஒரு தம்பி, அப்போதுதான் வாங்கி வந்திருந்த பழைய காரின் பானட்டைத் திறந்து, போர் தண்ணிக் குழாயை, இஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரின் வாயில் செருகிக்கொண்டிருந்தான். "தண்ணி கொறஞ்சிருக்குண்ணே, ரொப்பிடறேன்" என்றான். பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் நின்ற அதே கோலம். அவனை நிறுத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் பழைய கார் வாங்குகிறவர்கள் செய்யும் தப்புகளை எழுதுகிறேன்.

ஆயில் மாற்றுங்கள், டயருக்குக் காற்று பாருங்கள் என்பதெல்லாம் இங்கே கிடையாது. அது பைக் ஓட்டுகிற பையனுக்கே தெரியும்.

என்னுடையது 2007 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். தப்பு செய்தது நான், வண்டியின் பெயர் ஏன் கெட வேண்டும்?

வயதைப் பார்த்துப் பயப்படுவது

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். தயாரிப்பை நிறுத்தியது 2014 ஜனவரியில். அந்த 796 சி.சி. இஞ்சின் இன்னும் குடியாத்தம் பக்கம் தக்காளிக் கூடை சுமந்துகொண்டு ஓடுகிறது. இந்த மாதிரிச் சின்ன வண்டிகளில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் அதிகம் இல்லை. உதிரி பாகமும் சுலபமாகக் கிடைக்கும். வயதாவது ரப்பரும் தண்ணீர்ப் பாதையும்தான். ஹோஸ், பெல்ட், ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப் இந்த நான்கையும் பார்க்காமல் பெயின்ட் பளபளப்பைத் தடவிப் பார்த்து வாங்குகிறவர்களை என்ன சொல்ல!

முள் இறங்கியதும் நிம்மதியாவது

இதுதான் என்னைக் கவிழ்த்தது.

வாங்கிய முதல் கோடையிலேயே டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் ஏற ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் போனேன். "நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வு எதுக்கு சார்? கழட்டிப் போட்டா சில்லுனு ஓடும்" என்றார். கழற்றினார், முள் இறங்கியது, எனக்கு மகிழ்ச்சி. அந்த வால்வு, இஞ்சின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைக்கிற கதவு. அது இல்லாவிட்டால் இஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும். அதைவிட மோசம், உள்ளே இருந்த உண்மையான கோளாறு மறைந்துபோனது. காய்ச்சல்காரனுக்கு ஈரத்துணி போட்டுவிட்டு வேலைக்கு அனுப்பின கதை.

உண்மையான கோளாறு ரேடியேட்டர் அடைப்பு. வேலூர் போர் தண்ணீரில் ஒரு மாதம் வெந்நீர் போட்ட பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாக உப்பு ஏடு படிந்திருக்கும். அதே ஏடுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். நான் ஒரு வருடம் அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். ரேடியேட்டருக்கென்றே விற்கும் கூலன்ட் என்பது காசு பிடுங்கும் பச்சைத் தண்ணி என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

அந்த அக்னி நட்சத்திரத்தில் ஏலகிரிக்குக் கிளம்பினோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சான், மடியில் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம். நெடுஞ்சாலையில் முள் ஒழுங்காக நின்றது. எதிர்க்காற்று அடிக்கிறவரை அரைகுறை ரேடியேட்டரும் சமாளித்துவிடும். பொன்னேரி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. மெதுவான வேகம், இரண்டாவது கியர், முழு பாரம், போதாததற்கு ஏசி. மொத்தம் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவதில் முள் பாதியைத் தாண்டியது, ஏசியை அணைத்தேன். ஒன்பதாவதில் சிவப்புக்குப் பக்கம். "நிறுத்துங்க மாமா" என்றான் மச்சான். "இன்னும் அஞ்சு வளைவுதாண்டா, மேல போய்ப் பாத்துக்கலாம்" என்றேன். பதினொன்றாவது வளைவில் முள் மளமளவென்று இறங்கிப் பாதிக்குக் கீழே வந்தது. "பாத்தியா, மலைக்காத்து பட்டதும் அடங்கிடுச்சு!"

அடங்கவில்லை. தண்ணீர் காலியாகியிருந்தது. அந்த முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார் தண்ணீருக்குள் நனைந்திருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். தண்ணீர் வெளியேறி அது வெறும் காற்றில் நின்றால் முள் பொய்யாக இறங்கக்கூடும். உள்ளே இஞ்சின் வெந்துகொண்டிருக்க, நான் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு வளைவு ஏற்றினேன். அதற்குப் பிறகு இழுவை செத்தது, டக்டக் என்று சத்தம், வண்டி நின்றது.

இறங்கிப்போய் ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திருகப் போனேன். பின்னால் வந்த வேன் டிரைவர் போட்ட சத்தத்தில் கை நின்றது. மூடியின் அழுத்தத்தில்தான் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்தால் முகத்தில்தான் பீறிடும். அந்த மனிதரின் பெயர்கூடக் கேட்கவில்லை, இன்றுவரை அது உறுத்துகிறது.

இஞ்சினின் மேல்பாகமான அலுமினியம் ஹெட் வளைந்துவிட்டது, அதற்கடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டது. ஆயில் மூடியைத் திறந்தால், தண்ணீர் கலந்து ஆயில் பால் காபி நிறம். லேத்தில் ஹெட்டைச் சமமாக்கும் ஃபேசிங், புது கேஸ்கெட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், கட்டி இழுத்த கூலி எல்லாம் சேர்த்து 23,500 ரூபாய். வண்டியையே 1,10,000-க்குத்தான் வாங்கியிருந்தேன். ஆறாவது வளைவில் நிறுத்தியிருந்தால் ரேடியேட்டர் செலவோடு போயிருக்கும்.

ஆகவே முள் முக்கால் தொட்டால் ஓரம் கட்டுங்கள். நிறுத்த இடமில்லாத வளைவு என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். வேலூர் மே மாதத்தில் ஹீட்டரா என்று சிரிப்பீர்கள். இஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது உங்கள் பக்கம் வாங்கிக்கொள்ளும், இடம் கிடைக்கிறவரை தாங்கலாம். நிறுத்திய பிறகு முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள், கொதிக்கிற இஞ்சினில் குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடும். அப்புறம், கழற்றிய வால்வை மாட்டச் சொல்லுங்கள். கூலன்ட்டை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டம் பாருங்கள். அடிக்கடி குறைந்தால் ரொப்பிக்கொண்டே இருக்காதீர்கள், அது எங்கே போகிறது என்று தேடுங்கள்.

டைமிங் பெல்ட்டை நாளைக்குத் தள்ளுவது

இஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற ரப்பர் பெல்ட் இது. மாருதி 800, பழைய சான்ட்ரோ எல்லாம் பெல்ட் வண்டிகள். எப்போது மாற்றினார்கள் என்று பழைய ஓனருக்கே தெரியாவிட்டால், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். கிலோமீட்டர் குறைவு என்கிற வாதம் ரப்பரிடம் செல்லாது. பல இஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு வளையும். வாட்டர் பம்ப்பையும் அதே சமயம் பாருங்கள். ஒரே இடத்தை இரண்டு தடவை கழற்றக் கூலி கொடுக்காதீர்கள்.

ஆர்.சி. தேதியைப் பார்க்காமல் பேரம் முடிப்பது

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். இதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

டயரில் தேய்மானத்தை மட்டும் பார்ப்பது

பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1214 என்றால் 2014-ஆம் வருடம் 12-ஆவது வாரம் செய்தது. அது டயரில்லை, அப்பளம்.

எலி

வாரம் ஒரு முறையாவது வண்டியை எடுங்கள். நின்றே கிடக்கிற வண்டிக்குள் எலி குடியேறும், அதற்கு ஒயர் என்றால் உயிர்.