அக்ஸஸ் – ஏஎஸ்/400 இணைப்பு அறுந்தால் எங்கிருந்து தேடுவது

ஐபிஎம் நிறுவனத்தின் சர்வரான ஏஎஸ்/400-இல் இருக்கும் டேபிள்களை மைக்ரோசாஃப்ட் அக்ஸஸில் இணைத்து ரிப்போர்ட் எடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, 2008 முதல் அதன் ஆபரேட்டிங் சிஸ்டம் ஐபிஎம் ஐ ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் ஏஎஸ்/400தான்.

இந்த இணைப்பு ஓடிபிசி என்ற பொது வழியில், அதற்கான டிரைவர் மூலம் நடக்கிறது. அறுந்தால் அக்ஸஸ் பெரும்பாலும் ‘ஓடிபிசி கால் ஃபெயில்டு’ என்று மட்டும் சொல்லும். உடனே டிரைவரை நீக்கி மறுபடி போடாதீர்கள். நான் ஒரு முறை அதிலேயே ஒரு காலைப்பொழுதை இழந்தேன். உண்மையான காரணம் பாஸ்வேர்டு. முந்தைய நாள் சர்வரில் மாற்றியிருந்தோம், இணைத்த டேபிள்களில் பழையதே சேமிப்பில் இருந்தது. ஒவ்வொரு டேபிளும் பழைய பாஸ்வேர்டை அனுப்ப அனுப்ப, சர்வரில் உள்ள கணக்கான யூசர் ப்ரொஃபைலே முடங்கிப்போனது.

அதனால் முதலில் சர்வர் வரை போக முடிகிறதா என்று பாருங்கள். சாதாரண பிங் போதாது. ஐபிஎம் ஐ அக்ஸஸ் என்ற ஐபிஎம்மின் இணைப்பு மென்பொருளோடு (மைக்ரோசாஃப்ட் அக்ஸஸ் அல்ல) வரும் சிடபிள்யூபிபிங் கட்டளை ஒவ்வொரு சர்வீஸையும் தனித்தனியாகச் சோதிக்கும். எந்தச் சர்வீஸ் எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் போர்ட் மேப்பருக்கு 449, டேட்டாபேஸுக்கு 8471, சைன்ஆனுக்கு 8476 ஆகிய போர்ட்டுகள் ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும். எஸ்எஸ்எல் என்ற மறையாக்க இணைப்பு என்றால் கடைசி இரண்டும் 9471, 9476. மற்றதெல்லாம் சரியாக இருந்து டேட்டாபேஸ் மட்டும் விழுந்தால், சர்வரை ரீஸ்டார்ட் செய்த பிறகு வெளிக் கணினிகளுக்குப் பதில் சொல்லும் ஹோஸ்ட் சர்வர் புரோகிராமைக் கிளப்ப மறந்திருப்பார்கள். ஆபரேட்டரிடம் சொன்னால் ஒரு கட்டளையில் முடியும்.

அடுத்தது பிட் கணக்கு. 32 பிட் அக்ஸஸுக்கு 64 பிட் டிஎஸ்என் (எந்த சர்வர், எந்த டிரைவர் என்ற இணைப்பு அமைப்பு) உதவாது. விண்டோஸில் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டர் இரண்டு உண்டு: சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64-இல் இருப்பது 32 பிட். பெயரை நம்பித் திறந்தால் தவறானதில் போய் நிற்பீர்கள்.

இணைப்பு கிடைத்தும் எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால், அந்த ஃபீல்டின் சிசிஎஸ்ஐடி (எழுத்துக் குறியீட்டு எண்) 65535, அதாவது ‘மொழிமாற்றாதே’ என்று இருக்கும். டிஎஸ்என்னில் அதை மொழிமாற்றும் தேர்வைப் போடுங்கள். படிக்க முடிகிறது, எழுதப் போனால் எஸ்க்யூஎல்7008 என்ற பிழை வந்தால், அநேகமாக ஃபைலுக்கு (ஏஎஸ்/400-இல் டேபிளுக்கு அந்தப் பெயர்தான்) ஜர்னல், அதாவது மாற்றங்களைப் பதியும் குறிப்பேடு, இல்லை. ஜர்னல் தொடங்கச் சொல்லலாம், அல்லது டிஎஸ்என்னில் கமிட் மோடை ‘நன்’ என்று வைக்கலாம். முக்கியமான ஃபைலுக்கு நான் ஜர்னலைத்தான் கேட்பேன்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால் சர்வரில் உங்கள் இணைப்பைக் கவனிக்கும் ஜாபின் பதிவேட்டை (ஜாப் லாக்) படிக்க வேண்டும். அக்ஸஸ் விழுங்கிய விவரம் அங்கே முழுசாக இருக்கும். கியூயுஎஸ்ஆர்டபிள்யூஆர்கே சப்சிஸ்டத்தில் கியூஇசட்டிஏஎஸ்ஓஐஎன்ஐடி என்ற பெயரில் நிறைய ஜாப்கள் ஓடும். எல்லாமே கியூயூசர் பெயரில் இருப்பதால் உங்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. உங்கள் யூசர் ப்ரொஃபைலின் மேல் எந்த ஜாப் பூட்டு போட்டிருக்கிறது என்று பார்த்தால் அகப்பட்டுவிடும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது எந்தப் பிழைச்செய்தியும் காட்டாத கோளாறு. யுனிக் இண்டெக்ஸ் இல்லாத ஃபைலை இணைக்கும்போது, எந்த ஃபீல்டுகள் ஒரு ரெக்கார்டைத் தனியாக அடையாளம் காட்டும் என்று அக்ஸஸ் கேட்கும். ஆர்டர் விவர ஃபைலுக்கு ஒருவர் ஆர்டர் எண்ணை மட்டும் டிக் செய்திருந்தார், வரி எண்ணை விட்டுவிட்டார். நான்கு பொருள் உள்ள ஆர்டரில் முதல் பொருளே நான்கு தடவை வந்தது. அக்ஸஸ் முதலில் கீக்களை (டிக் செய்த ஃபீல்டுகளின் மதிப்புகளை) வாங்கிக்கொண்டு, அப்புறம் அந்தக் கீயை வைத்து ரெக்கார்டைக் கொண்டுவருகிறது. கீ நான்குக்கும் ஒன்றேயானால் கிடைப்பதும் ஒன்றேதான். எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வரிசை முழுக்க ‘டெலிட்டட்’ என்று தெரிவதும் இதே வழியில்தான்: வாங்கிய கீயைத் திருப்பிக் கொடுத்தால் சர்வரில் பொருந்தவில்லை.

இணைப்பை நீக்கிவிட்டு, ஆர்டர் எண், வரி எண் இரண்டையும் டிக் செய்து புதிதாக இணையுங்கள். வெறும் பார்வைக்கு என்றால் சர்வருக்கே நேரடியாக அனுப்பும் பாஸ்த்ரூ குவெரி போதும், அதற்குக் கீயே தேவையில்லை. அப்புறம் பல வரிகள் உள்ள ஓர் ஆர்டரை எடுத்து, சர்வர் திரையில் இருப்பதோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்.